ஒரே நாளில் நாலு பூங்கா!

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் நான்கு தீம் பார்க்குகளையும் ஒரே நாளில் பார்த்துவிட ஆசையா? ‘பார்க் ஹாப்பர்’ டிக்கெட் எடுங்கள். சாதாரண டிக்கெட்டில் நாளுக்கு ஒரு பூங்காதான்.

முதலில் அனிமல் கிங்டம். பொதுவாக மற்றவற்றுக்கு முன்பே மூடிவிடுவார்கள். சஃபாரியில் விலங்குகள் நடமாடுவதும் வெயில் ஏறுவதற்கு முன்புதான். அங்கிருந்து பஸ்ஸில் ஹாலிவுட் ஸ்டூடியோஸ். அடுத்து, எப்காட்டுக்கு ‘ஸ்கைலைனர்’ கேபிள் கார். நடுவே கரீபியன் பீச் நிலையத்தில் இறங்கி வேறு பாதைக்கு மாற வேண்டும். அது எப்காட்டின் பின்வாசலில் விடும். மோனோரயிலோ முன்வாசலில். எனவே பல நாட்டு அரங்குகளைப் பார்த்தபடியே முன்பக்கம் நடந்து வந்து ரயில் பிடித்தால், ஒரு மாறுதலோடு மேஜிக் கிங்டம். வாணவேடிக்கை அங்கேதான் பார்க்க வேண்டும்!

கோடைப் பிற்பகலில் மின்னல் வெட்டினால் திறந்தவெளி ரைடுகளும் ஸ்கைலைனரும் நின்றுவிடும். உள்ளரங்கக் காட்சி ஒன்றை அந்த நேரத்துக்கென வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஆப்தான், பவர் பேங்க் அவசியம். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள், உணவு கவுன்டர்களில் ஐஸ் தண்ணீர் இலவசம்.

பூங்காவுக்கு இரண்டு மூன்று ரைடுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் இரண்டு பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.