வெலிங்டனுக்குப் போன பிள்ளைக்கு

குன்னூரை அடுத்த வெலிங்டனில்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கிறது. சுமார் 6,000 அடி உயரம். சமவெளிப் பையனைக் குளிரும் சேர்ந்தே பழக்கும்.

பயிற்சியில் போன் எந்நேரமும் கையில் இருக்காது. இரண்டு நாள் அழைப்பு வராவிட்டால் பெற்றோர் பதற வேண்டாம். கிடைக்கும் சில நிமிடத்தில் வீட்டுக் கடன் கதை எதற்கு? “சாப்பிட்டியா ராசா, பூட்ஸ் கடிச்ச புண்ணு ஆறிடுச்சா?” போதும். மிச்சத்தை அவன் பேசட்டும்.

கடிதம் இன்னும் நல்லது. சட்டைப்பையில் மடித்து வைத்து, இரவில் பிரித்துப் படிக்கலாம். உறையில் அவனுடைய எண், கம்பெனி, பிளட்டூன் தெளிவாக இருக்கட்டும். உள்ளே தங்கை வரைந்த படம் ஒன்று. முறுக்கு அனுப்பும் முன் அனுமதி உண்டா என்று கேட்டுவிடுவது நலம்.

பயிற்சி முடிவில் நடக்கும் உறுதிமொழி அணிவகுப்புக்கு அழைப்பு வந்தால் ஸ்வெட்டரும் அடையாள அட்டையும் அவசியம். மேட்டுப்பாளையம் மலை ரயில் வெலிங்டனிலேயே நிற்கும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.