சங்கத்தின் இணையப் பக்கத்தை அங்கத்தினரே அமைத்தல்

தள்ளுபடி அறிவிப்பு ஒன்றைச் சங்கத்தின் இணையதளத்தில் சேர்ப்பதற்கும் நிரல் எழுதுபவரையே எதிர்நோக்கி நிற்பது நலம் பயப்பதன்று. அவர் வருவதற்குள் தள்ளுபடிக் காலமே கழிந்துவிடக் கூடும். இக்குறையைப் போக்க வல்லது, காட்சிவழிப் பக்க அமைப்பான் என்னும் கருவியாகும்.

தலைப்பு, படம், பத்தி, பொத்தான் முதலியன தனித்தனித் துண்டுகளாகத் திரையின் ஓரத்தில் நிற்கும். வேண்டியதை இழுத்து வேண்டிய இடத்தில் வைத்தால், பக்கம் கண்ணெதிரே உருவாகும். வேர்ட்பிரஸ் மென்பொருள் 2018 டிசம்பரில் வெளிவந்த 5.0 ஆம் பதிப்பில் இத்தகைய துண்டு முறையை ஏற்றது. ஆயினும், பி.எச்.பி. மொழியில் தமக்கெனப் பயன்பாடு எழுதி வைத்திருப்போர் அதனைக் கைவிட வேண்டுவதில்லை. கிரேப்ஸ்ஜேஎஸ் என்னும் திறந்தமூல அமைப்பானை அதனோடு இணைத்துக்கொள்ளலாம்.

இணைக்கும் முறை

அமைப்பான் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஆனது, உலாவியில் இயங்குவது. பி.எச்.பி.யின் பணி, அது அனுப்புவதைப் பெற்றுத் தரவுத்தளத்தில் சேமித்து, பார்வையாளருக்கு வழங்குவதே. இதில் நான்கு விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

1. மூலத்தையும் பயனையும் தனித்தனியே சேமித்தல். ஜக்கார்டு தறியில் நெய்வோர் இதனை எளிதில் உணர்வர். கரையின் வடிவத்தைக் கட்டத்தாளில் எழுதி, அதன்படி அட்டைகளில் துளையிட்டு, பின்னரே நெய்கிறோம். துணியை மட்டும் வைத்துக்கொண்டு கட்டத்தாளைத் தொலைத்துவிட்டால், ஒரு பூவை மாற்றுவதும் அரிதாகும். அமைப்பான் தரும் ஜேசன் வடிவத் திட்டமே கட்டத்தாள்; எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டும் நெய்த துணி. மறுமுறை திருத்துவதற்குத் திட்டம் தேவை. பார்வையாளருக்குக் காட்டப் பின்னவை போதும்.

2. வந்ததை அப்படியே நம்பாதிருத்தல். நுழைவு உரிமை பெற்றவரே சேமிக்கக் கூடும் என்பதைச் சர்வரிலேயே சோதித்தல் வேண்டும். தரவுத்தளத்தில் எழுதுகையில் முன்னமைத்த வினவல்களையே கையாளுதல் வேண்டும். தீய நிரல் புகாதவாறு எச்டிஎம்எல் பியூரிபையர் கொண்டு வடிகட்டுதல் நன்று. ஒன்று கவனிக்கத் தக்கது: அவ்வடிகட்டி இயல்பாக ஐடி குறிகளை நீக்கிவிடும். கிரேப்ஸ்ஜேஎஸ் அக்குறிகளைக் கொண்டும் அழகு விதிகளைப் பொருத்துவதால், அவற்றை அனுமதிக்குமாறு அமைத்திடாவிடில் பக்கம் உருக்குலையும்.

3. மாறும் செய்தியைப் பக்கத்தில் உறையவைக்காதிருத்தல். சேலையின் விலையையோ மஞ்சளின் கையிருப்பையோ பக்கத்தில் தட்டச்சு செய்துவிட்டால், நாளை அது பொய்யாகும். வாங்குவோரிடம் சங்கத்தின் சொல் தாழும். ஆகவே அவ்விடத்தில் ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து, பக்கம் திறக்கப்படும் வேளையில் பி.எச்.பி. தரவுத்தளத்திலிருந்து அன்றைய விலையை நிரப்புமாறு செய்தல் வேண்டும்.

4. வரைவையும் வெளியீட்டையும் பிரித்தல். ஒருவர் அமைத்ததை மற்றொருவர் பார்த்து ஒப்பிய பின்னரே வெளியிடுதல் வேண்டும். பழைய பதிப்பையும் காத்து வைத்தால், பிழை நேரும்போது திரும்பலாம்.

துண்டுகளின் எண்ணிக்கையைச் சுருக்கமாக வைத்தலும் நலம். நூறு துண்டுகள் தந்தால் பழகுவோர் மயங்குவர்; சங்கத்திற்கு வேண்டிய எட்டோ பத்தோ தந்தால் ஒரு மாலையில் கற்றுவிடுவர்.

முதலில் அறிவிப்புப் பக்கம் ஒன்றை மட்டும் இம்முறையில் அமைத்துப் பார்த்து, பின்னரே ஏனையவற்றிற்கு விரிப்பீர்களாக. கருவி எழுத்தரின் கைக்கு வரும். காவலோ நிரலின் பொறுப்பிலேயே நிற்கும். இவ்விரண்டும் அமைந்தால், சங்கத்தின் அறிவிப்பு உரிய நாளில் உரியவரைச் சென்றடையும்.