ஆப்பிரிக்காவுக்குப் பணம் கட்டும் முன்

மலாக்காவில் புக்கிட் ரம்பாயிலும் செங், பாயா ரும்புட் பக்கத்திலும் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் ஆப்பிரிக்கக் காட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் போய்வந்தவன் என்பதால் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். ஆயர் குரோ விலங்குத் தோட்டத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிங்கம் பார்த்த பழக்கம் கென்யாவின் மாசாய் மாராக் காட்டில் உதவாது. அங்கே பல முகாம்களைச் சுற்றி வேலியே கிடையாது. நீங்கள் கையெழுத்துப் போடும் நிபந்தனைத் தாளும் வண்டியோட்டும் வழிகாட்டியின் சொல்லும்தான் உங்களுக்கு வேலி. முதல் தடவை போகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டியதை எழுதுகிறேன்.

1. பணம் வாங்குகிறவருக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் மலேசியாவில் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் இல்லாமல் யாரும் பயண நிறுவனம் நடத்த முடியாது. வெளிநாட்டுக்கு ஆள் கூட்டிப் போவதற்கு அதற்குரிய பிரிவில் உரிமம் வேண்டும். பலர் எஸ்எஸ்எம் என்னும் நிறுவன ஆணையத்தின் பதிவுத் தாளை எடுத்து நீட்டுவார்கள். அது கடை திறந்ததற்கான பதிவு மட்டுமே. சுற்றுலா நடத்தும் உரிமம் ஆகாது. உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அமைச்சின் இணையப் பக்கத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டும் போடுங்கள். "என் சொந்தக் கணக்கில் போடுங்கள், விலை குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். சொந்தக்காரர், கோயில் கமிட்டியில் இருப்பவர், கூடப் படித்தவர் என்பதெல்லாம் உரிமத்துக்கு ஈடாகாது.

2. முன்பணம், மீதிப் பணம், ரத்து. இந்த மூன்றுக்கும் தேதியும் தொகையும் தாளில் இருக்க வேண்டும். முன்பணம் பொதுவாகத் திரும்பி வராது. பயண நாள் நெருங்க நெருங்க, ரத்து செய்தால் பிடிக்கும் தொகை கூடிக்கொண்டே போகும். கடைசி மாதத்தில் பெரும்பாலும் ஒரு வெள்ளிகூடக் கிடைக்காது. இதைக் கொள்ளை என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்குள்ள பல முகாம்களில் பத்துப் பன்னிரண்டு கூடாரங்கள்தான் இருக்கும். உங்களுக்காக ஒன்றை ஒதுக்கிவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே அந்த நிபந்தனையில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் என்ன ஆகும், ஆள் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. விலைக்குள் எது அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெரிய செலவு காட்டுக்குள் நுழையும் கட்டணம். மாசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 அமெரிக்க டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024இல் உயர்த்திவிட்டார்கள். ஒரே குடும்பத்தில் பெரியவர்கள் நான்கு பேர் ஆகஸ்டில் மூன்று நாள் சுற்றினால் நுழைவுக்கு மட்டும் 2,400 டாலர். தான்சானியாவின் கோரொங்கோரோ பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. "கட்டணம் உயர்ந்தாலோ நாணய மதிப்பு மாறினாலோ கூடுதல் தொகை கட்ட வேண்டும்" என்று ஒரு வரி எல்லாத் தாளிலும் இருக்கும். எந்தத் தேதி வரைக்கும் உயர்த்தலாம் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வழிகாட்டிக்குத் தரும் அன்பளிப்பு விலையில் சேராது; அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

4. விலங்கைக் காட்டுவதாக யாரும் வாக்குத் தர முடியாது. ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் என்னும் விலங்குக் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை அந்தக் கூட்டம் தான்சானியாவின் தெற்கு செரெங்கெட்டியில் குட்டி போடும். இது பருவம். இந்த நாளில், இந்த மணிக்கு என்பது மழைக்கும் புல்லுக்கும்தான் தெரியும். "ஆறு கடப்பது உறுதி" என்று விளம்பரம் செய்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர் உறுதியாகச் சொல்ல வேண்டியது வேறு: என்ன வண்டி, ஒரு வண்டியில் எத்தனை பேர், எல்லாருக்கும் சன்னலோர இருக்கை உண்டா, வண்டி உங்கள் குழுவுக்கு மட்டுமா அல்லது வேறு ஆட்களும் ஏறுவார்களா? சண்டை வருவதெல்லாம் இந்த நான்கில்தான், சிங்கத்தால் அல்ல.

5. காப்புறுதி இல்லாமல் போகவே கூடாது. பல முகாம்கள் அதைக் கட்டாய நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன. பெட்டி தொலைந்தால் எவ்வளவு என்று பார்ப்பதை விட்டுவிட்டு, விமானத்தில் தூக்கிப் போய் மருத்துவமனையில் சேர்க்கும் செலவைத் தருவார்களா என்று பாருங்கள். மாராவிலிருந்து நைரோபிக்குச் சாலை வழியாக ஐந்து ஆறு மணி நேரம். சிறிய விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள். 1957இல் நைரோபியில் தொடங்கிய அம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை இதற்காகவே இருக்கிறது. உங்கள் முகாம் அதில் சந்தா கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். நம்மவர்களில் இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் இல்லாத வீடு குறைவு. அதை மறைத்துப் படிவம் நிரப்பினால் இழப்பீடு கேட்கும்போது கை விரித்துவிடுவார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வெப்பக் காற்றுப் பலூன், நடைப்பயணம் இவற்றுக்குக் காப்புறுதி செல்லுமா என்பதையும் தனியாகக் கேளுங்கள்.

6. மஞ்சள் காய்ச்சல் ஊசி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பி வரும்போது நம் சொந்த நாட்டு விமான நிலையத்தில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம் மலேசியா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். கென்யா அந்தப் பட்டியலில் உள்ள நாடு. அப்படிப்பட்ட நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் மாற்று விமானத்துக்காகக் காத்திருந்தாலும் கேட்பார்கள். அடிஸ் அபாபா வழியாக மலிவு டிக்கெட் எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும்போது அங்கும் கேட்பார்கள்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். முந்தைய வாரம் ஓடிப்போய்ப் போட்டுப் பயனில்லை. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலையிலிருந்து உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி அது. மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தைக் கடப்பிதழோடு சேர்த்தே வையுங்கள். அறுபது வயதைத் தாண்டி முதல் தடவையாகப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்க விளைவு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். முட்டை ஒவ்வாதவர்களும் கர்ப்பிணிகளும் யோசிக்க வேண்டும். ஆகவே முன்பணம் கட்டிவிட்டு மருத்துவரிடம் போகாதீர்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

7. மலேரியா மாத்திரை. போகும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஊர் திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய்வந்தேன் என்பதைக் கிளினிக்கில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இங்கே டிங்கி என்றே நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

8. சிறிய விமானத்தில் போவதானால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப் பை. சக்கரம் வைத்த பெட்டியை ஏற்ற மாட்டார்கள். இன்னொன்று: முறுக்கையும் ஊறுகாயையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கென்யா 2017 ஆகஸ்டு 28ஆம் தேதி முதலும் தான்சானியா 2019 ஜூன் 1ஆம் தேதி முதலும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டன. துணிப் பையும் மூடி போட்ட டப்பாவும் போதும். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து இணையம் வழியாக முன் அனுமதி வாங்க வேண்டும். அரசாங்கப் பக்கத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

9. முகாமுக்குப் போய் இறங்கியதும் ஒரு படிவம் நீட்டுவார்கள்: காட்டு விலங்கால் ஏதாவது நேர்ந்தால் முகாம் பொறுப்பல்ல என்று. களைப்பில் படிக்காமல் கையெழுத்துப் போடாமல் இருக்க, ஊரில் இருக்கும்போதே அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் வயதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளைகளைத் திறந்த வண்டியில் ஏற்றாத முகாம்கள் உண்டு. நடைப்பயணத்துக்குப் பல இடங்களில் 12 வயதோ 16 வயதோ ஆகியிருக்க வேண்டும். ஓடுகிற சின்னப் பிள்ளையைச் சிறுத்தை வேறு மாதிரிப் பார்க்கும். அந்த வயது வரம்பு அதற்காக வைத்தது.

10. வண்டிக்குள் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் உயிர் போகிற விஷயம். சிங்கமும் யானையும் வண்டியையும் அதிலுள்ள ஆட்களையும் சேர்த்து ஒரே உருவமாகப் பார்த்துப் பழகியவை. நீங்கள் எழுந்து நின்றாலோ, கையை வெளியே நீட்டினாலோ, கீழே இறங்கினாலோ அந்த உருவம் உடைந்து மனிதன் தெரிகிறான். 2015 ஜூனில் ஜோகானஸ்பர்க் அருகே ஒரு சிங்கப் பூங்காவில் கார் சன்னலை இறக்கி வைத்திருந்த அமெரிக்கப் பயணி ஒருவரைச் சிங்கம் கடித்துக் கொன்றது. சன்னலை மூடி வையுங்கள் என்ற விதி அங்கே இருந்தது. 2024இல் சாம்பியாவின் காஃபுயே காட்டில் யானை ஒன்று துரத்தி வந்து சஃபாரி வண்டியைப் புரட்டியதில் ஒரு மூதாட்டி இறந்தார். தமிழ்நாட்டிலும் உண்டு: 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் மற்றவர்கள் எச்சரித்தும் நிற்காமல் மோட்டார் சைக்கிளில் போன ஜெர்மன் பயணி யானையால் மாண்டார்.

யானை வண்டிக்கு முன்னால் வந்து நின்றால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் தலையை உயர்த்தும். காது இரண்டும் அகல விரியும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டும். துதிக்கை முனை காற்றில் உங்கள் பக்கம் திரும்பும். வழிகாட்டி பேச மாட்டார். ஒரு கையை மட்டும் பின்பக்கம் காட்டி அசையாதே என்பார். அப்போது வண்டியில் யாராவது "ஐயோ!" என்று கத்துவார்கள், பின்னாலிருக்கும் ஒருவர் கைப்பேசியோடு எழுந்து நிற்பார். அந்த ஒரு நொடியைத்தான் நீங்கள் தவிர்க்க வேண்டும். உட்காருங்கள், வாயை மூடுங்கள், கைப்பேசியின் வெளிச்சத்தை அணையுங்கள். குட்டி கூட இருந்தால் இன்னும் கவனம். 2025 மே மாதம் கெரிக் நெடுஞ்சாலையில் லாரிக்கு அடியில் சிக்கிய குட்டிக்காகத் தாய் யானை தலையால் லாரியை முட்டிக்கொண்டு நின்றதை நாடே பார்த்தது. அந்தத் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் உங்கள் வண்டி நிற்கக் கூடாது.

"இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள்" என்று வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள். அன்பளிப்பைக் காட்டி ஆசை மூட்டுவது அதைவிட மோசம். 2025 ஜூலையில் செரெங்கெட்டியில் பயணிகள் கூட்டமாக வண்டியை விட்டு இறங்கி, ஆறு கடக்க வந்த விலங்குகளின் வழியை மறித்து நின்ற காணொளி உலகம் முழுக்கப் பரவியது. அப்படி இறக்கிவிட்ட வழிகாட்டி நல்ல வழிகாட்டி அல்ல. இறங்காதீர்கள் என்று உங்களைக் கடிந்துகொள்கிறவரே நல்லவர்.

11. நடை சஃபாரிக்கு முதல் பயணத்தில் போக வேண்டாம் என்பது என் கருத்து. 2025 ஜூலையில் சாம்பியாவின் தெற்கு லுவாங்வாவில் வழிகாட்டிகளோடு நடந்து போன இரண்டு பெண்களைக் குட்டியோடு இருந்த யானை கொன்றது. போகத்தான் வேண்டும் என்றால் அனுமதியும் ஆயுதம் ஏந்திய காவலரும் உண்டா என்று கேளுங்கள். அனுமதி என்பது வெறும் முத்திரை அல்ல. 2018 மார்ச்சில் தமிழ்நாட்டின் தேனி குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். முறையான அனுமதி இல்லாமல் அழைத்துப் போனார்கள் என்பது பிறகு பெரிய பிரச்சினையானது. எந்தக் காட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று காவலருக்குத் தெரிந்தால்தான் ஆபத்தில் தேடி வர முடியும்.

12. இரவில் கூடாரத்தை விட்டுத் தனியே வெளியே வராதீர்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பத்தடி தூரம்தானே என்று தோன்றும். விளக்கோடு காவலாள் வந்து அழைத்துப் போவார். அவர் வரும்வரை உள்ளேயே இருங்கள். நீர்யானை இரவில்தான் கரையேறி மேயும், அது போகும் தடத்தில் குறுக்கே நிற்கக் கூடாது. கூடாரத்தின் ஜிப்பை முழுதாக இழுத்து மூடுங்கள். உள்ளே பழமும் பலகாரமும் வைக்காதீர்கள். பபூன் குரங்கும் யானையும் மோப்பம் பிடித்து வரும்.

1898இல் கென்யாவின் சாவோவில் ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து கொண்டுபோன கூலிகள் கூடாரங்களில் தூங்கும்போது இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் இழுத்துப் போய்த் தின்றன. நம் தாத்தா பாட்டிகளைப் போலவே வயிற்றுப் பிழைப்புக்குக் கடல் தாண்டியவர்கள் அவர்கள். பாலம் கட்ட வந்த பொறியாளர் பேட்டர்சன் அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டையும் சுட்டார். 135 பேர் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். 2009இல் வந்த ஆய்வு 35 பேர் அளவுக்கு என்று கணித்தது. அந்தச் சிங்கங்களின் பாடம் செய்த தோல்கள் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இறந்த தொழிலாளிகளுக்குச் சரியான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அவர்களுக்குப் பாதுகாப்பைக் கேட்டு வாங்கும் நிலை இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது.

13. ரசீது, நிபந்தனைத் தாள், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். சொன்னபடி நடக்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. கடப்பிதழ், காப்புறுதி, பயணத் திட்டம் மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நைரோபியில் நம் தூதரகம் உண்டு, அதன் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

நிபந்தனைத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, எழுத்து பொடியாக இருக்கிறது என்று தயங்கிப் படிக்காமல் விடாதீர்கள். படித்த பிள்ளை ஒருவர் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறார், உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம் தாளோடு என் வீட்டுக்கு வாருங்கள். வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.