பெண்களின் இருதயமும் உடற்பலமும்

மாரடைப்பு ஆண்களுக்கே வரும் நோய் என்ற எண்ணம் எமது கிராமங்களில் இன்றும் உண்டு. உண்மையில், உலகில் பெண்களின் உயிரை ஆகக் கூடுதலாகப் பறிப்பவை இருதய, இரத்தக்குழாய் நோய்களே. மாதவிடாய் நின்ற பின்னர் இந்த ஆபத்து மேலும் கூடுகின்றது.

குறிஞ்சாக்கேணியில் ஒரு தாயிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசினால், "விடிஞ்சா பொழுதுபட்டா வேலதானே, இதுக்கு மேல என்ன பயிற்சி?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மண்வெட்டி பிடிப்பதும் தண்ணீர்க்குடம் சுமப்பதும் நல்ல பயிற்சிகளே. ஆனால் அடுப்படியில் நெடுநேரம் நிற்பது களைப்பைத் தருமேயன்றி இருதயத்துக்குப் பலம் தராது. மூச்சும் நாடியும் சற்று வேகமாக வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவே போதுமானது.

இருதயமும் ஒரு தசையே. பழக்கினால் ஒரு துடிப்பில் கூடுதலான இரத்தத்தை அனுப்பும். இரத்த அழுத்தமும் சீனியும் கட்டுப்படும். 1999இல் அமெரிக்காவில் 72,000க்கு மேற்பட்ட தாதியரைப் பற்றிய ஆய்வொன்று வெளியானது. வாரத்தில் மூன்று மணித்தியாலமாவது விரைந்து நடந்த பெண்களிடம் மாரடைப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவாக இருந்தது. நடுவயதில் பழகத் தொடங்கியவர்களும் பயன் பெற்றனர்.

நாம் செய்யக்கூடியவை:

1. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் விரைந்து நடப்போம். சுபஹுக்குப் பின் அல்லது வெயில் தணிந்த பின் நடப்பது நல்லது. வீதியில் நடக்கக் கூச்சமெனில் வளவுக்குள் நடக்கலாம். அயல்பெண்கள் சேர்ந்தும் நடக்கலாம். 10 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக.

2. 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பரிசோதிக்க வேண்டும். 1996 முதல் நாட்டில் நடைபெறும் இச்சேவை இலவசமானது. குடும்பநல மாதுவிடம் கிளினிக் நாளைக் கேட்டறியலாம். ஏற்கெனவே இருதய நோயுள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையுடன் நடக்கவும்.

3. நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், தாடை அல்லது முதுகு நோவு, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணமற்ற கடும் களைப்பு ஆகியவற்றை "வாயு" என்று தள்ளிவிடாதீர்கள். உடனே 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

கலந்துரையாட: எமது வீட்டுப் பெண்கள் நாளொன்றுக்கு அரை மணி நேரம் தமக்கென ஒதுக்குவதானால், அவர்களுடைய எந்த வேலையை ஆண்களும் பிள்ளைகளும் ஏற்கலாம்?