எஞ்சின் பழுதுக் குறியீடுகளை ஆராயும் முறை

மோட்டார் வண்டி ஓடிக்கொண்டிருக்கையில், ஓட்டுநரின் எதிரேயுள்ள பலகையில் எஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கு எரியக் காண்கிறோம். உடனே பட்டறைக்குச் சென்று, குறியீடு படிக்கும் கருவியை இணைத்து, அக்குறியீட்டில் பெயர் காணும் உறுப்பை மாற்றிவிடுவது பலரது வழக்கம். சில நாள்களில் விளக்கு மீண்டும் எரிகிறது. பணம் வீணாவதோடு, தொலைவிலுள்ள கிராமங்களுக்குச் செல்லும் கள ஊழியரின் பணியும் தடைப்படுகிறது. குறியீட்டின் பொருளைத் தவறாகக் கொள்வதே இதற்குக் காரணமாகும்.

குறியீடு என்பது யாது?

எஞ்சினுள் செல்லும் காற்று, குளிர்விக்கும் நீரின் வெப்பம், புகைப்போக்கியிலுள்ள ஆக்சிஜன் முதலியவற்றை உணரிகள் அளந்து, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கின்றன. ஓர் அளவு வரம்பைக் கடந்து நிற்குமாயின், பெட்டி அதனைக் குறியீடாகப் பதிந்துகொண்டு விளக்கை எரியச் செய்கிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் இம்முறை பொது விதியாயிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளும் இத்தகைய கண்காணிப்பை வேண்டுகின்றன. கருவியை இணைப்பதற்குரிய 16 முனைப் பொருத்தி பெரும்பாலும் ஸ்டீயரிங்கின் கீழே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

பெட்ரோல் வண்டியொன்றில் ‘பி 0171’ என்னும் குறியீடு தோன்றுவதாகக் கொள்வோம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துள்ளது என்பதே இக்குறியீட்டின் பொருள். இச்செய்தியை அறிவித்தது ஆக்சிஜன் உணரி. ஆதலால் அதனையே குற்றவாளியாக்கி மாற்றிவிடுகின்றனர். காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியை எறிந்துவிட்டால் காய்ச்சல் தணியுமோ?

ஆராயும் வரிசை

1. குறியீட்டையும், அது பதிவான வேளையில் எஞ்சின் இருந்த வேகம், வெப்பம், சுமை ஆகியவற்றையும் குறித்துக்கொள்க. அதற்கு முன் எதனையும் அழித்தலாகாது.

2. காற்றுக் குழாய்களில் வெடிப்போ, தளர்ந்த கிளிப்போ உண்டா எனப் பார்க்க. எஞ்சின் ஓடுகையில் ‘உஸ்’ என்னும் ஓசை கேட்பின், அங்கே காற்று கசிகிறது எனலாம். கசிவைத் தேடச் சூடான எஞ்சின்மீது தீப்பற்றும் திரவங்களைத் தெளித்தல் ஆபத்து.

3. கலவையைச் சரிசெய்யப் பெட்டி கூட்டிக் கொடுக்கும் பெட்ரோலின் சதவீதத்தைக் கருவியிற் காண்க. காற்றளவு உணரி உள்ள எஞ்சினில், நின்ற நிலையில் இது 20 ஆக இருந்து, நிமிடத்திற்கு 2,500 சுற்றில் 3 ஆகக் குறையுமாயின் காற்றுக் கசிவை ஐயுறுக. எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும்போது, கசிந்து வரும் சிறு அளவு பொருட்டாவதில்லை. மாறாக, சுமை ஏற ஏற இதுவும் ஏறுமாயின், பெட்ரோல் பம்பையும் வடிகட்டியையும் சோதிக்க.

4. காற்றளவு உணரியில் தூசி படிந்துள்ளதா, உணரிகளின் மின்கம்பி இணைப்புகள் துருவேறியுள்ளனவா எனவும் காண்க.

5. பழுதை நீக்கிய பின்னரே குறியீட்டை அழித்து, வண்டியைச் சில நாள் ஓட்டி, அது திரும்பத் தோன்றவில்லை என்பதை உறுதி செய்க.

ஓர் எச்சரிக்கை

விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னுமாயின், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைப்போக்கியிலுள்ள வினையூக்கி மாற்றியை அடைந்து, அதனை மிகையாகச் சூடேற்றிக் கெடுத்துவிடும். ஆகவே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

கரும்பலகையில் இரண்டு பத்திகள் வரைந்து, ஒன்றில் ‘குறியீடு கூறுவது’ எனவும், மற்றொன்றில் ‘காரணமாக இருக்கக்கூடியவை’ எனவும் மாணவர்களையே எழுதச் செய்யலாம். முதற் பத்தியில் ஒரு வரியும், இரண்டாவதில் பல வரிகளும் அமைவதைக் கண்டதும், குறியீடு ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று என்பதை அவர்கள் தாமே உணர்வர்.