கட்டுச்சோறும் மின்மினியும்

பின்வரும் பனுவலை வாசித்திடுக.

உல்லாசப் பயணம் என்றதும் நீர்ப் பூங்காவும் பேரங்காடியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், அதிகச் செலவில்லாமல் ஒரு நாளை இனிதே கழிக்க நாட்டுப்புறமே போதும். சபாக் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு அத்தகைய இடங்கள் தொலைவில் இல்லை. சபாக்கிலிருந்து 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் தெற்கே சென்றால் சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோலா சிலாங்கூர் என ஊர்கள் அடுத்தடுத்து வரும். காலையில் புறப்பட்டால் வயல், குன்று, ஆறு ஆகிய மூன்றையும் கண்டு களித்து இரவே வீடு திரும்பலாம்.

பயணத்திற்குக் கட்டுச்சோறு அவசியம். புளிச்சோறு எளிதில் கெடாது; புளியும் நல்லெண்ணெயும் அதனைக் காக்கின்றன. அதனால்தான் தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டி, வெளியூர்த் திருவிழாக்களுக்குச் செல்லும்போது அதனைக் கட்டி எடுத்துச் சென்றனர். உண்டபின் வீசிய வாழையிலை மண்ணில் மக்கி எருவானது. இன்று நாம் வீசும் நெகிழிப் பெட்டி அப்படி மக்குவதில்லை. எனவே, வீட்டுப் பாத்திரத்தில் உணவு கொண்டு செல்வதே நன்று.

முதலில் நம்மை வரவேற்பது செகிஞ்சான் நெல்வயல். இங்கு ஆண்டுக்கு இருமுறை நெல் விளைகிறது. ஆதலால், செல்லும் மாதத்திற்கேற்ப வயலின் தோற்றமும் மாறும். நடவுக் காலத்தில் வானத்தைக் காட்டும் நீர்ப்பரப்பு, பிறகு பசுமை, அறுவடை நெருங்கும்போது பொன்னிறம். வயலோரங்களில் கம்பங்களின் மேல் மரப்பெட்டிகளைக் காணலாம். அவை எலிகளை வேட்டையாடும் கூகைகள் தங்குவதற்காக அமைக்கப்பட்டவை. ஒளிப்படம் எடுக்கும் ஆர்வத்தில் வரப்பை மிதித்து உடைத்துவிடக் கூடாது. வரப்பு உடைந்தால் தேக்கிய நீர் வடிந்துவிடும்; பயிர் வாடும்.

நண்பகலுக்குப் பின் கோலா சிலாங்கூரிலுள்ள புக்கிட் மலாவத்திக்குச் செல்லலாம். இக்குன்றின் மேல் பழைய கோட்டையின் எச்சங்களும் 1907ஆம் ஆண்டு கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும் உள்ளன. பெரிய மரங்களின் நிழலில் பாய் விரித்து உணவுண்ணலாம். அப்போது, ‘லோத்தோங்’ என்று மலாய்மொழியில் அழைக்கப்படும் முசுக்கள் அருகே வரும். தாய் முசுவின் உடல் சாம்பல் நிறம். அதன் மடியிலிருக்கும் குட்டியோ ஆரஞ்சு நிறம்! சில மாதங்களில் குட்டியின் நிறமும் மாறிவிடும்.

முசுக்களுக்கு ரொட்டி கொடுக்க நமக்கு ஆசை எழுவது இயல்பே. எனினும், அவை இலையை முதன்மை உணவாகக் கொண்டவை. மாட்டின் இரைப்பையைப் போலவே அவற்றின் இரைப்பையிலும் பல அறைகள் உண்டு. அங்கு வாழும் நுண்ணுயிரிகள் இலையைச் செரிக்க உதவுகின்றன. இனிப்பும் மாவும் மிகுந்த உணவு அச்செரிமானத்தைக் கெடுக்கும். அன்பு மிகுதியால் நாம் நீட்டும் உணவே அவற்றுக்கு நோயாகலாம்.

இருட்டியதும் கம்போங் குவாந்தான் செல்ல வேண்டும். இது பகாங் மாநிலத்துக் குவாந்தான் அன்று. சிலாங்கூர் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். இங்குத் துடுப்புப் படகில் அமர்ந்து ஆற்றில் சென்றால், கரையிலுள்ள பெரெம்பாங் மரங்கள் விளக்கேற்றியவை போல் மின்னுவதைக் காணலாம். ஆண் மின்மினிகள் பெண் மின்மினிகளை ஈர்க்க ஒரே நேரத்தில் ஒளி வீசுகின்றன. ஒரு வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மின்னுகின்றன. கைவிளக்கின் ஒளியோ கைப்பேசியின் வெளிச்சமோ பட்டால் இந்தச் செய்தி தடைபடும்.

மின்மினியின் வாழ்வு மரத்தில் மட்டும் இல்லை. புழுப்பருவத்தில் அது ஆற்றங்கரையின் ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையோரத் தாவரங்கள் அழிக்கப்பட்டால் நத்தை இராது. நத்தை இல்லையேல் மின்மினியும் இராது. மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரையை அழித்தால், சில காலத்தில் அம்மரம் இருண்டு போகும்.

நாட்டுப்புறம் நமக்கு ஒரு நாள் பொழுதுபோக்கு இடம். உழவருக்கு அது பிழைப்பு. கூகைக்கும் முசுவுக்கும் மின்மினிக்கும் அது வீடு. பிறர் வீட்டுக்கு விருந்தினராகச் செல்லும்போது அங்குள்ள பொருளை உடைக்கமாட்டோம். குப்பையையும் போட்டுவிட்டு வரமாட்டோம். அதே பண்பு உல்லாசப் பயணத்திற்கும் பொருந்தும். நாம் கண்ட ஒளியை நமக்குப் பின் வருவோரும் காண வேண்டுமல்லவா?

சொற்பொருள்

வரப்பு – வயலில் நீரைத் தேக்கும் மண்கரை
கூகை – ஆந்தை வகையைச் சேர்ந்த பறவை
முசு – நீண்ட வாலுடைய ஒருவகைக் குரங்கு

கருத்துணர் கேள்விகள்

1. புளிச்சோறு பயணத்திற்கு ஏற்ற உணவாகக் கருதப்படுவது ஏன்?
2. வரப்பு உடைந்தால் ஏற்படும் விளைவு யாது?
3. முசுக்களுக்கு ரொட்டி கொடுக்கக் கூடாது என்பதற்கான காரணத்தை விளக்குக.
4. ‘சில காலத்தில் அம்மரம் இருண்டு போகும்’ எனும் தொடரின் வழி நீ அறிந்துகொள்வது யாது?
5. உன் வட்டாரத்திற்கு உல்லாசப் பயணம் வருவோர் பின்பற்ற வேண்டிய மூன்று நெறிகளைக் காரணத்துடன் எழுதுக.