சாடிச் செடிக்கு உணவூட்டல்

நிலத்திலே நிற்குஞ் செடி வேரை நெடுந்தூரம் ஓட்டித் தனக்கு வேண்டிய நீரையும் உணவையும் தானே தேடிக்கொள்ளும். சாடியிலே வைத்த செடிக்கு அது கூடாது. வேர் சாடியின் சுவரோடு நின்றுவிடும். ஊற்றும் நீரோ மண்ணிலுள்ள உரத்தைக் கரைத்துக்கொண்டு அடித்துவாரத்தால் ஒழுகிப்போம். ஆதலால் அச்செடி வளர்ப்பவர் கையையே நம்பியிருக்கின்றது. பாடசாலையிலே செவ்வரத்தை, நந்தியாவட்டை, வெட்சி முதலியவற்றைச் சாடியில் வளர்ப்பிக்கும் ஆசிரியர்கள் இதனை முதற்கண் மாணாக்கர்க்கு உணர்த்துக.

மண்: வாய் 1 அடிக்குக் குறையாததும் அடியிலே துவாரமுள்ளதுமான மண்சாடி நன்று. துவாரத்தின்மேல் ஓட்டுத்துண்டு வைத்து, செம்மண் 2 பங்கும், நன்றாக உக்கிய மாட்டெரு 1 பங்கும், மணல் 1 பங்கும் கலந்து, விளிம்புக்கு 1 அங்குலங் கீழே நிற்கும்படி இடுக.

உரம்: ஒரே முறையில் மிகுதியாக இடுதல் தீது. உரஞ் செறிந்த நீர் வேரிலுள்ள நீரையும் வெளியே ஈர்க்கும். அதனால் இலைவிளிம்பு கருகும். பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரை இறுத்து, அதனோடு 10 பங்கு நீர் சேர்த்து, 15 நாளுக்கு ஒருமுறை விடுதல் போதும். மண் உலர்ந்திருப்பின் முன்னர் வெறுநீர் விட்டுப் பின்னரே உரநீர் விடுக.

இலைக்குறி: செடி மஞ்சளித்தவுடன் உரம் போதாதென்று கருதி மேன்மேலும் இடுவார் பலர். அதனாற் பிழைக்கத்தக்க செடியும் இறக்கின்றது. மஞ்சளித்தது எவ்விலை என்பதை முன்னர் நோக்குக. கீழேயுள்ள முதிரிலை முழுதும் மஞ்சளிப்பது பெரும்பாலும் நைதரசன் குறைவினாலாம். செடி அதனை முதிரிலையினின்றும் எடுத்துத் தளிருக்குக் கொடுக்கின்றது. நரம்பு பச்சையாக நிற்க, தளிரிலையின் இடைப்பகுதி மாத்திரம் வெளுப்பது இரும்புச்சத்துக் குறைவினாலாம். இரும்பு முதிரிலையினின்றும் தளிருக்கு எளிதிற் செல்லாது.

வெட்சி இக்குறைவுக்கு எளிதில் உட்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லிலே தங்கி வருவது. அதனையே நாடோறும் விட்டுவரின் சாடிமண்ணிற் காரத்தன்மை மிகும். அப்பொழுது மண்ணிலே இரும்பு இருந்தும் வேர் அதனைக் கொள்ளமாட்டாது. அச்செடிக்கு அடுப்புச் சாம்பலும் இடின் குறைவு பெருகும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீரைச் சேர்த்துவைத்து வெட்சிக்கு விடுக.

அப்பியாச வினாக்கள்:

1. சாடிச் செடிக்கு உரத்தைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடுவது ஏன்?
2. முதிரிலை மஞ்சளித்தலுக்கும் தளிரிலை வெளுத்தலுக்கும் காரணம் வேறுபடுவது எங்ஙனம்?
3. வெட்சிக்குச் சாம்பல் ஆகாதது ஏன்?